வேர்க்கிறதா? நரம்பு வலி மாத்திரையும் கடலோர வெயிலும்

(சிதம்பரத்தில் ஒரு சித்திரை மாத மாலையில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிதம்பரத்தில் மேடையேறியவர் பெரியபுராணத்தைத் தொடாமல் இறங்கினால் ஊர் மன்னிக்காது. அது அரங்கேறிய ஊர் இது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். திருநாவுக்கரசர் வரலாற்றில் உடம்புக்கு வந்த சோதனைகளில் இரண்டை நாம் எல்லோரும் அறிவோம். ஒன்று சூலை, அவரைத் திருவதிகைக்குக் கொண்டுவந்து சேர்த்த வலி. மற்றொன்று நீற்றறை, சுண்ணாம்புக் காளவாய்க்குள் ஏழு நாள் அடைத்துவைத்த வெப்பம். இரண்டிலிருந்தும் அவர் மீண்டார். அது அடியாருக்குக் கிடைத்த அருள். நமக்கு வலி வந்தால் மாத்திரை, வெயில் வந்தால் மின்விசிறி. சிக்கல் என்னவென்றால், நரம்பு வலிக்காக நாம் விழுங்கும் சில மாத்திரைகள் வெயிலைத் தாங்கும் சக்தியிலேயே கை வைக்கின்றன. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நரம்பு வலி என்றால் எது? அடிபட்டால் வரும் வலி வேறு, மூட்டுத் தேய்ந்து வரும் வலி வேறு. நரம்பே கெட்டுப்போய், காயம் எதுவும் இல்லாத இடத்தில் வலிக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது நரம்பு வலி. "பாதம் திகுதிகுன்னு எரியுது டாக்டர்", "ஊசி குத்தற மாதிரி இருக்கு", "கால் மதமதன்னு மரத்துப்போச்சு, செருப்பு கழண்டதே தெரியல", "கன்னத்துல ஷாக் அடிக்குது" — புறநோயாளிகள் வரிசையில் அரை மணி நேரம் நின்றால் இவ்வளவும் காதில் விழும். சர்க்கரை நோய், அக்கி வந்து போன இடம், முதுகெலும்பில் நரம்பு நசுங்கியது, தொழுநோய், புற்றுநோய்க்குப் போட்ட ஊசி என்று காரணங்கள் பல. முதலிடம் சர்க்கரைக்குத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தபோது நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் கணிசமானவர்களுக்கு நாளடைவில் பாதம் எரியும். எரிகிற பாதத்தோடு வருகிறவருக்கு இரவில் ஒரு மாத்திரை எழுதப்படும். அதற்கு நம் ஊரில் 'நரம்பு மாத்திரை' என்றே பெயர்.

இனி, உடம்பு எப்படிக் குளிர்கிறது என்று பார்ப்போம். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. உடம்பின் வெப்பத்தை 98.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வைத்திருப்பது அதன் வேலை. சூடு ஏறினால் அதனிடம் இரண்டு வழிகள் உண்டு. தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுவருவது ஒன்று. வேர்க்க வைப்பது இன்னொன்று. வெளிக்காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை முதல் வழி கைகொடுக்கும். காற்றின் வெப்பம் 95 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வரத் தொடங்கும். மே மாதத்துக் கடலூரில் 95 டிகிரி என்பது சாதாரண நாள். கத்திரி நாட்களில் 100ஐத் தாண்டும், சில நாள் 104ஐயும் தொடும். அப்போது மிஞ்சியிருப்பது வேர்வை ஒன்றுதான்.

மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் வேர்வையும். கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆனால் ஆவியாக வேண்டுமே! தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற நம் கடலோர ஊர்களில் பகல் முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. வேர்வை வழிந்து சட்டையை நனைக்கும், தரையில் சொட்டும், ஆவியாவது குறைவு. அதனால் கடலோரத்து உடம்பு அதே வேலைக்கு உள்நாட்டு உடம்பைவிடக் கூடுதலாக வேர்க்க வேண்டியிருக்கிறது. இப்படி வேர்வையையே நம்பியிருக்கிற ஊரில், வேர்வையைக் குறைக்கிற மாத்திரையை ஒருவர் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் நரம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலியை எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் மிக மெல்லியவை. சூட்டையும் குளிரையும் மூளைக்குச் சொல்வதும் அதே வகை மெல்லிய இழைகள்தாம். வேர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளை கொண்டுபோவதும் மெல்லிய இழைகளே. மூன்றும் ஒரே குடும்பம். அந்த உறவை ஓர் அரிய பிறவி நோய் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே ஒரு மரபணு பழுதுபட்டதால் சில குழந்தைகள் வலியே தெரியாமல் பிறக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்கு வேர்க்கவும் செய்யாது. கையைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், அழாது. வெயில் நாளில் காரணமில்லாமல் காய்ச்சல் கொதிக்கும். அவற்றில் சில குழந்தைகள் மூன்று வயதைத் தாண்டாமலே இறந்துபோவது அந்த வெப்பத்தால்தான். வலி இல்லாத வாழ்க்கை வரம் என்று நினைப்பவர்கள் இந்தக் குழந்தைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் இதே இழைகளைக் காலிலிருந்து மேல்நோக்கித் தின்றுகொண்டு வருகிறது. அதனால்தான் நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் பாதம் வறண்டு, குதிகால் வெடித்துக் கிடக்கிறது. பாதம் வேர்ப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். சிலருக்கு ஒரு விசித்திரம் நடக்கும்: பாதம் வறண்டிருக்கும், சாப்பிட உட்கார்ந்தால் முகமும் கழுத்தும் மட்டும் குப்பென்று வேர்க்கும். அதுவும் நரம்பு பழுதானதன் அடையாளமே. தொழுநோயில் தேமலுக்குள் உணர்ச்சியும் இருக்காது, வேர்வையும் இருக்காது. அந்த வறட்சியே நோயைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம்.

சூடு உறைக்காத பாதம் என்ன பாடுபடும் என்பதை இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கு வருகிற பெரியவர் நண்பகலில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்கிறார். பக்கத்தில் வரும் பேரன் துள்ளித் துள்ளி ஓடுகிறான். தாத்தா நிதானமாக நடக்கிறார். பேரனுக்குத் தாத்தாவின் பொறுமை வியப்பாக இருக்கும். இரவில் பார்த்தால் தாத்தாவின் உள்ளங்காலில் கொப்புளம். கால் எரிச்சலுக்கு வெந்நீரில் காலை வைத்து வெந்துபோனவர்களும் உண்டு. ஆகவே மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன்பே ஒப்புக்கொள்வோம்: நோயே பாதி வெப்பக் காவலைப் பறித்துவிட்டது. மீதிப் பாதியில்தான் மாத்திரை நுழைகிறது.

இப்போது மாத்திரைகளுக்கு வருவோம். எல்லாம் ஒன்றுபோல் இல்லை. சில வேர்வையை அடைக்கும், சில திறந்துவிடும், சில இரண்டும் செய்யாது.

முதலாவது அமிட்ரிப்டிலின். 1961இல் மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து. பின்னால் இதைச் சிறிய அளவில் கொடுத்தால் நரம்பு வலி அடங்குகிறது என்று கண்டார்கள். விலை மலிவு, அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும், நல்ல மருந்து. இதன் தம்பி நார்ட்ரிப்டிலின். வேர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு, கட்டளையை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் மூலமாகத்தான் சொல்கிறது. இந்த மருந்துகள் அந்த அசிட்டைல்கோலினை மறிக்கின்றன. வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுவது, கண் மங்குவது எல்லாம் அந்த மறிப்பால் வருபவை. வேர்வை குறைவதும் அதே காரணத்தால்தான். ஆனால் வாய் உலர்ந்தால் உடனே தெரிகிறது, வந்து சொல்கிறோம். வேர்வை குறைந்தால் யாரும் வந்து சொல்வதில்லை. வேர்க்காமல் இருப்பது சுகமாகத்தானே இருக்கிறது! நார்ட்ரிப்டிலினில் இந்த மறிப்பு குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் கடையில் தரும் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளிக் காகிதத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். கீழே பொடி எழுத்தில், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிற அளவில், உள்ளே என்னென்ன என்று போட்டிருக்கும்: பிரிகாபலின் 75 மில்லிகிராம், நார்ட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம். மூன்று மருந்து ஒரே மாத்திரையில். கடைசியாக இருப்பது ஒரு வைட்டமின். "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், "அது ஒண்ணுமில்லீங்க, நரம்புக்கு சத்து மாத்திரை" என்று பதில் வரும். வைட்டமின் பெயருக்குப் பின்னால் நார்ட்ரிப்டிலின் இருப்பது அவருக்குத் தெரியாது. அதே அம்மா சளிக்குக் குளோர்பெனிரமைன் கலந்த மாத்திரை வாங்கிப் போடுவார். அடிக்கடி சிறுநீர் வருகிறதென்று வேறொரு மருத்துவர் சிறுநீர்ப்பைக்கு ஒரு மாத்திரை எழுதியிருப்பார். மூன்றும் அசிட்டைல்கோலினை மறிப்பவை. தனித்தனியே சிறிய அளவு. சேர்ந்தால் பெரிய சுமை. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போக்கும் மாத்திரையும் கூட இருந்தால், உடம்பில் வேர்ப்பதற்கான நீரே குறைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகையில் வேலை செய்யும் அறுபது வயது அம்மா. சர்க்கரை பத்து வருடமாக. இரவில் நரம்பு மாத்திரை, காலையில் பிரஷர் மாத்திரை. மாசியில் தொடங்கிய மருந்து மாசியில் ஒன்றும் செய்யவில்லை, பங்குனியிலும் இல்லை. வைகாசியில் ஒருநாள் மதியம் தலை கிறுகிறுத்து, பேச்சுக் குழறி, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். உடம்பு கொதிக்கிறது; நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை. உறவினர்கள் "வெயில் தாக்கிடுச்சு" என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே கொட்டகையில் அதே சூட்டில் இருந்த மற்றவர்கள் விழவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய மாத்திரையை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். குற்றவாளி மாத்திரை மட்டும் என்று நான் சொல்லவில்லை. வயது, சர்க்கரை, அடுப்பு, கடலோரத்து ஈரக்காற்று, மாத்திரை ஆகிய ஐந்தும் கூட்டணி. அந்த ஐந்தில் நாம் எளிதாக மாற்றக்கூடியது மாத்திரை ஒன்றுதான்.

இரண்டாவது டுலாக்ஸெடின், வென்லாஃபாக்சின் வகை. இவை எதிர்த்திசை. ஹைப்போதலாமஸுக்குள்ளேயே செரடோனின், நார்அட்ரினலின் அளவை மாற்றி, தேவையில்லாத நேரத்தில் வேர்க்க வைக்கும். டுலாக்ஸெடின் சாப்பிடுபவர்களில் 100க்கு 6 பேர் அளவில் மிகை வேர்வை வருவதாக மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. நடுராத்திரியில் தலையணை நனையும். இதில் உயிராபத்து குறைவு, ஆனால் நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். டுலாக்ஸெடினே சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியது. வேர்த்துக்கொட்டிய உடம்புக்கு வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாக ஊற்றினால் சோடியம் இன்னும் இறங்கும். தலைவலி, குழப்பம், தள்ளாட்டம் வந்தால் அதை நினைக்க வேண்டும்.

மூன்றாவது பிரிகாபலின், காபாபென்டின். இன்றைக்கு அதிகம் எழுதப்படுபவை இவைதாம். வேர்வையை இவை பொதுவாக அடைப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை: மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்குக் குபீரென்று முகத்தில் ஏறும் வெப்ப அலையைக் குறைக்கக் காபாபென்டினையே மருத்துவர்கள் தருவதுண்டு. வெப்பக் கட்டுப்பாட்டில் இதற்கும் ஏதோ ஒரு பங்கு இருக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது. இந்த மருந்துகளில் நாம் பயப்பட வேண்டியது மயக்கமும் தூக்கமும். தகரக் கூரை வீட்டில், மின்சாரம் போன மதியத்தில், முதியவர் தாகம் தெரியாமல் அயர்ந்து தூங்கிவிடுவார். மதுவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்து உடம்பில் தேங்கும். வெயிலில் நீர் வற்றினால் சிறுநீரகம் இன்னும் தளரும், மருந்து இன்னும் தேங்கும்.

நான்காவது டோபிராமேட். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தருவார்கள். வேர்வை குறைந்து உடம்புச் சூடு ஏறுவது இதன் அறியப்பட்ட பக்கவிளைவு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பெரும்பாலும் வெயில் காலத்தில். மாத்திரை சாப்பிடும் பையன் மே மாதத்தில் மைதானத்தில் ஆடிவிட்டு முகம் சிவந்து, சட்டை நனையாமல் வீட்டுக்கு வந்தால் அம்மா கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது கார்பமாசெபைன். முகத்தில் ஷாக் அடிக்கும் வலிக்கு முதல் மருந்து இன்றும் இதுதான். இதில் வரும் ஆபத்தான வெப்பம் வெயிலால் வருவதில்லை, ஒவ்வாமையால் வருவது. மருந்து தொடங்கி முதல் சில வாரங்களில் காய்ச்சல், அதோடு தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டிக் காத்திருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கடைசியாக டிரமடால். 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட வலி மருந்து. இதை அமிட்ரிப்டிலினோடோ டுலாக்ஸெடினோடோ சேர்த்தால் சிலருக்குச் செரடோனின் அளவு மிஞ்சிப்போகும். கை நடுக்கம், தசை வெட்டிவெட்டி இழுப்பது, வயிற்றுப்போக்கு, வேர்த்துக்கொட்டுவது, பிறகு கடுங்காய்ச்சல். 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு வயது மாணவி ஒருத்தி காய்ச்சல் 107 டிகிரிக்கு ஏறி இறந்தாள். அவள் சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மருந்தும், மருத்துவமனையில் போட்ட பெத்திடின் என்ற வலி ஊசியும் மோதியதே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வந்ததே அந்தச் சாவுக்குப் பிறகுதான். இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு சீட்டுகள் ஒரே வயிற்றில் சந்திப்பது நம் ஊரில் அன்றாட நிகழ்ச்சி. அதனால் சொல்கிறேன்.

மாணவர்கள் இருப்பதால் ஆராய்ச்சிக் கதை ஒன்று. மிளகாய் ஏன் எரிகிறது? அதிலுள்ள கேப்சைசின், நரம்பு முனையில் சூட்டை உணரும் ஒரு வாயிலைத் திறக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் திறக்கும் வாயில் அது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் அதைக் கண்டுபிடித்தார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசு. காரக்குழம்பு சாப்பிட்டால் நெற்றி வேர்ப்பது, சூடு வந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடுவதால்தான். இந்த வாயிலை அடைத்தால் வலி போய்விடுமே என்று பல கம்பெனிகள் மருந்து செய்தன. அம்ஜென் கம்பெனி செய்த மருந்தை மனிதர்களிடம் சோதித்தபோது, சிலருக்கு உடம்புச் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. தொற்று இல்லை, வெயில் இல்லை, வெறும் மாத்திரை. சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. வேறு சில மருந்துகளில் காய்ச்சல் குறைவு, ஆனால் சாப்பிட்டவர்களுக்கு வெந்நீர் சுடுவதே தெரியவில்லை. சாதாரண நேரத்திலும் அந்த வாயில் உடம்பின் சூட்டைக் கீழே பிடித்து வைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. வலியை மட்டும் தனியே கத்தரித்து எடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நம் மக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: இங்கிலீஷ் மருந்து சூடு. எந்த மாத்திரை போட்டாலும் உடம்பு சூடாகிவிட்டது என்று சொல்லி மோர், இளநீர், நுங்கு, வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று தேடுவார்கள். இதைப் பார்த்துச் சிரிக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். சிறுநீர்க் கடுப்பு, கண் எரிச்சல், வாய் உலர்வு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் 'சூடு' என்கிறார்கள். அமிட்ரிப்டிலினின் பக்கவிளைவுப் பட்டியலும் ஏறக்குறைய இதுவேதான். கவனிப்பு சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தெர்மாமீட்டர். உடம்பு எரிகிற மாதிரி இருக்கும், கருவியில் 98.4 காட்டும். அது நரம்பின் பேச்சு; பயமில்லை. உடம்பு சாதாரணமாக இருக்கிற மாதிரித் தோன்றும், கருவியில் 102 காட்டும். அதுதான் ஆபத்து. அரிதாக, முதியவர்களுக்கு மார்கழிக் குளிரில் இதே மருந்துகளால் சூடு 95க்குக் கீழே இறங்குவதும் உண்டு.

வேர்வை அதிகமானாலும் எல்லாவற்றையும் மாத்திரைத் தலையில் கட்டிவிடாதீர்கள். சர்க்கரைக்கு ஊசி அல்லது மாத்திரை எடுப்பவருக்குத் திடீரென வேர்த்து, கை நடுங்கி, பசித்தால் அது தாழ்சர்க்கரை; உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். வேர்வையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த எச்சரிக்கை வேர்வையே மங்கிப்போகலாம். வேர்த்து, நெஞ்சு அழுத்தி, மூச்சு வாங்கினால் மாரடைப்பு. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். இரவில் வேர்த்து, மாலையில் காய்ச்சல் அடித்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். டுலாக்ஸெடினையோ பிரிகாபலினையோ சட்டென்று நிறுத்தினால் வேர்த்துக்கொட்டும், தூக்கம் போகும், படபடப்பு வரும், பழைய எரிச்சல் திரும்பும். குறைப்பதானால் படிப்படியாக, மருத்துவர் சொல்லி. பங்குனி மாதத்திலேயே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எல்லா மருத்துவர்களும் எழுதியது, கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாம். "வெயில் காலத்துக்கு இதில் எதையாவது மாற்றணுமா?" என்று கேளுங்கள். அமிட்ரிப்டிலினுக்குப் பதில் வேறொன்று, அல்லது அளவில் குறைப்பு, அல்லது சளி மாத்திரையை விடுவது என்று ஏதாவது ஒரு வழி இருக்கும்.

காலை பதினொன்று முதல் மூன்றரை வரை வெயில் வேலையைத் தவிர்க்க முடிந்தவர்கள் தவிருங்கள். முடியாதவர்கள், அதாவது நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், வலை இழுப்பவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், துணியை நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு செய்யாத வேர்வையை அந்த ஈரத்துணி செய்யும். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லது. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு, நீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் வெயிலில் விழுந்து, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் 108ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். தொற்றுக் காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவை உயர்த்தி வைத்திருக்கிறது, அதை இறக்கத்தான் பாராசிட்டமால். வெயில் தாக்கியவருக்கு மூளை அளவை மாற்றவில்லை, வெப்பம் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அங்கே அந்த மாத்திரைக்கு வேலையில்லை. சூட்டில் தவிக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் பாரம்.

அரசுக்கும் என் துறைக்கும் ஒரு வேண்டுகோள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அதன் பிறகு அந்த நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, வெயில் காலத்தில் கவனிக்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டு மருத்துவர்களுக்கு அனுப்பியது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் நிவாரணம் சாவுக்குப் பின் வருவது. சாவுக்கு முன் வரவேண்டியது ஒரு கேள்வி. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். போகிற இடத்தில், மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, "உங்களுக்கு வேர்க்குதா?" என்று சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கேட்கச் சொல்லலாம். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், புது நிதி வேண்டாம். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாகிவிட்ட இந்த ஊர்க் கல்லூரி மாணவர்களும், இங்குள்ள பல்கலைக்கழகத்தின் பார்மசி மாணவர்களும், கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் மருத்துவமனைகளுக்கு வெப்பத் தாக்கத்தோடு வருகிறவர்களின் மாத்திரை விவரத்தை ஒரு கோடைக்கு எழுதிவைத்தால் போதும். எந்த மாத்திரை எவ்வளவு பங்கு என்று நம் மண்ணின் கணக்கே கிடைத்துவிடும். பிரான்ஸ் கணக்கை வைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு மருத்துவம் செய்ய வேண்டியதில்லை.

எரிகிற பாதத்தோடு இரவெல்லாம் விழித்திருப்பது கொடுமை. அந்தக் கொடுமையைத் தீர்க்கும் மருந்துகளுக்கு நான் எதிரியல்ல. நானே தினமும் எழுதுகிறேன். எழுதும்போது சர்க்கரை அளவைக் கேட்கிறோம், பிரஷர் கேட்கிறோம், தூக்கம் கேட்கிறோம். இந்த மாவட்டத்தில் வேர்வையையும் கேட்க வேண்டும். மருத்துவர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.

என் நேரம் முடிந்தது. அமைப்பாளர்கள் கேள்விக்கு அரை மணி ஒதுக்கியிருக்கிறார்கள். பையில் மாத்திரை அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன், பின்பக்கத்தைச் சேர்ந்து படிப்போம்.